ஞானப்பிரகாசம் நனைத்த புல்

அரியலூர் பங்களா இஞ்சினியர், கிணற்றில் மாடு கட்டிக் கவலை இறைக்கும் ஞானப்பிரகாசத்துக்குப் பதினோரு ரூபாய் எட்டணா கூலி பாக்கி வைத்திருந்தார். வாசலில் பதித்த அருகம்புல் பச்சை பிடித்தால்தான் தருவேன் என்று சொல்லிவிட்டார். சித்திரை வெயிலில் மாடு ஓட்டித் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தவன், கயிற்றைப் பிடித்தபடியே சரிந்து செத்துப்போனான்.

அவன் பெண்சாதி அமலோற்பவம் மாடுகளை விற்றுத்தான் அடக்கம் செய்தாள். முப்பதாம் நாள் பூசைக்குக் காசில்லை என்று தோட்டக்காரனான என்னிடம் வந்து அழுதாள்.

"பூசை வைக்காம அந்த மனுசன் எப்படிண்ணே அடங்குவாரு?"

இறைக்க ஆளும் இல்லை, மாடும் இல்லை. நான் குடத்தில் சுமந்து ஊற்றியது ஓரத்துக்கே போதவில்லை. ஆனால் விடிந்து பார்த்தால் தரை முழுக்க நனைந்து கிடக்கும். கிணற்றடியில் தண்ணீர் மொள்ளும் தோல்பை மட்டும் காய்ந்து விறைத்துத் தொங்கும். அந்த ஈரத்தில் கால் வைக்கவே எனக்கு உடம்பு கூசியது.

முப்பதாம் நாள் நெருங்கும்போது புல் பச்சைப் பாயாக விரிந்துவிட்டது. இஞ்சினியர் சிரித்தார்.

"பாத்தியாய்யா? காச நிறுத்துனாத்தான் புல்லு வளருது!"

அமலோற்பவத்தைக் கூப்பிட்டு முழுப் பணத்தையும் கொடுத்தார். அவள் ஏலாக்குறிச்சி மாதா கோயிலில் பூசை வைத்தாள்.

மறுநாள் காலை புல்லில் ஈரமில்லை. நான் எவ்வளவு ஊற்றியும் ஒரு வாரத்துக்குள் எல்லாம் கருகிவிட்டது.

"என்னடா பண்ணித் தொலைச்ச?" என்று இஞ்சினியர் கத்தினார்.

"நான் ஒண்ணும் பண்ணலைங்க. அவன் பாக்கி தீந்துபோச்சுங்க" என்றேன்.