தண்ணீர் ஆகாத செடி

ஜெனவீவின் தைம் செடி செத்துக்கொண்டிருந்தது. யாரோ வேண்டுமென்றே கொல்கிறார்கள் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. அது மாமியார் வேலம்மாதான் என்பதிலும் சந்தேகமில்லை.

தைம் என்றால் பெரிய செடி ஒன்றும் இல்லை. ஒரு சாண் உயரம், பொடிப்பொடியாக இலை, கசக்கினால் ஓம வாசனை. கேமரன் மலையில் அவளுடைய அம்மா மாடில்டா வாசலில் வருஷக்கணக்காக வளர்த்தது. அம்மாவை அடக்கம் செய்துவிட்டு வரும்போது ஜெனவீவ் வேரோடு ஒரு கொத்தைப் பிடுங்கி வந்தாள். கோலசிலாங்கூர் எஸ்டேட் லயத்து வீட்டுப் புழுக்கத்தில் குளிர்நாட்டுச் செடி பிழைக்காது என்றார்கள். அவளா கேட்பாள்? மணலும் உடைத்த செங்கல்லும் கலந்து மேடு கட்டி, மழை படாத கூரை ஓரத்தில், காலை வெயில் விழும்படி நட்டாள். ஈரத்தில் நின்றால் அதற்கு வேர் அழுகிவிடும்; மண் நன்றாகக் காய்ந்த பிறகே தண்ணீர் காட்டுவாள். மாலையில் பக்கத்தில் உட்கார்ந்து, அம்மாவிடம் பேசுவது போல் நாலு வார்த்தை பேசுவாள். வருஷம் தாண்டி, தண்டு கட்டை பாய்ந்து, செடி அழகாகப் படர்ந்தது.

எண்பத்தாறில் அவள் எலக்ட்ரானிக்ஸ் பேக்டரிக்கு வேலைக்குப் போக ஆரம்பித்தாள். விடிவதற்குள் பஸ். அன்றிலிருந்து செடிக்குப் பீடை பிடித்தது. அடித்தண்டு கறுத்து இலை கொட்டியது. மழையே இல்லாத நாளிலும் மண் சொதசொதவென்று இருந்தது.

"ஒன் மாமியாதான் தெனம் ஊத்துது. நான் கண்ணால பார்த்தேன் லா," என்றாள் பக்கத்து வீட்டு இராஜம்மா. நல்ல சேதி சொல்ல அவளுக்கு வாய் வராது. இதற்கு மட்டும் வேலி தாண்டி வந்தாள்.

வேலம்மாவுக்கு மருமகளோடு பேச்சு கிடையாது. மகன் பாலன் வேதக்காரப் பெண்ணைக் கட்டியதிலிருந்து, சொல்ல வேண்டியதையெல்லாம் சுவரைப் பார்த்துத்தான் சொல்வாள். அதை ஜெனவீவ் பொறுத்துக்கொண்டாள். அம்மாவின் செடியில் கை வைத்ததைப் பொறுக்க முடியவில்லை. "இன்னிக்கு நேரா கேட்டுட்டு நான் பொட்டியக் கட்டிடுறேன்," என்று பாலனிடம் சொல்லிவிட்டாள். அவன், பாவம், மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு மில்லுக்கு ஓடிவிட்டான்.

அன்று அவள் பஸ் ஏறவில்லை. சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்றாள். வேலம்மா குளித்து, ஈரத் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, செம்பு நிறையத் தண்ணீரோடு வந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டுச் செடியின் முன் குனிந்தாள்.

"குடிங்க சம்பந்தி," என்றாள். "அன்னிக்கு அவ்ளோ தூரம் பஸ்சுல வந்து, மகளுக்காக என் வாசல்ல நின்னீங்க. உக்காருங்கன்னு சொல்லல. ஒரு வாய் தண்ணிகூட குடுக்காம தொரத்திட்டேன். இப்பக் குடிங்க."

சொட்டுச் சிந்தாமல் மெதுவாக ஊற்றினாள்.

ஜெனவீவுக்கு அம்மா சொன்னது நினைவுக்கு வந்தது. கல்யாணத்துக்கு முன் இங்கே வந்து திரும்பிய அம்மா, "நல்ல மனுஷங்கடி, காப்பி பலகாரம்னு விடவே மாட்டேன்னுட்டாங்க. தைரியமா கட்டிக்க," என்றல்லவா சொன்னாள்! சாகும்வரை அதையே சொன்னாளே! அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கோபமும் வந்தது, யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

கதவைத் திறந்துகொண்டு வெளியே போனாள். வேலம்மா செம்பை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள். ஜெனவீவ் மண்டியிட்டு மண்ணைக் கிளறினாள். வேரெல்லாம் கூழாகிவிட்டது. ஓரமாக ஒரு குச்சி மட்டும் பச்சை. அதை ஒடித்துக் காய்ந்த மணலில் ஊன்றினாள்.

"செத்துடுச்சா?" என்றாள் வேலம்மா. மருமகளின் முகத்தைப் பார்த்து அவள் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

'நீங்கதான் கொன்னீங்க' என்று சொல்லத்தான் ஜெனவீவ் இத்தனை நாள் காத்திருந்தாள். கையை நீட்டிச் செம்பை வாங்கினாள். மிச்சமிருந்த தண்ணீரைத் தானே குடித்தாள்.

"அம்மாவுக்குத் தாகம் தீந்துடுச்சு, அத்தை," என்றாள். "இனிமே ஊத்த வேணாம்."