நாலாயிரத்தில் அமுங்கும் கார்

வில்லாபுரத்தில் கார்களின் வேகத்தைக் கூட்டித்தரும் ட்யூனிங் கடை வைத்திருக்கும் தாமரைச்செல்விக்கு அந்தச் சிவப்பு டர்போ காரைப் பார்த்ததும் தலை சுற்றியது. மூன்றாவது தடவையாக வந்து நிற்கிறது.

"காலைல நல்லாத்தான் பறக்குதுக்கா. மத்தியானம் நாலாயிரம் ஆர்பிஎம் தாண்டுனா மூச்சு முட்டுன மாதிரி அமுங்கிருது," என்றார் ஸ்டீவ். பள்ளிக்கூட வாத்தியார். பந்தய டிராக்கில் ஓட்டும் ஆசையில் இந்தக் காரை வாங்கியவர்.

ப்ளக் மாற்றியாயிற்று. பெட்ரோல் பம்ப்பைச் சோதித்தாயிற்று. அவர் ஓட்டியபோது காரில் பதிவானதை லேப்டாப்பில் பார்த்தால், அமுங்கும் நேரத்தில் இஞ்சினுக்குப் போகும் காற்று குறைந்திருந்தது. எங்கோ கசிகிறதென்று குழாய்களுக்குள் புகை விட்டுப் பார்த்தாள். ஒரு பொட்டுப் புகைகூட வெளியே வரவில்லை. அவள் காலையில் ஓட்டிப் பார்த்தபோதோ ஒரு குறையும் இல்லை. அதனால்தான் போன வாரம், "நீங்க கியர் மாத்துறதுதான் சரியில்ல சார்," என்று சொல்லிவிட்டிருந்தாள்.

"ஒரு வாரமா ரிங் ரோட்டுல கியர் மாத்திப் பழகுறேன்க்கா. அப்பவும் சரியா வரமாட்டேங்குது," என்றார் அவர், குற்றவாளி மாதிரி.

அவளுக்கு என்னவோ போலிருந்தது. "ஏறுங்க சார். இந்த வெயில்லயே போவோம். நான் ஓட்டுறேன்."

தன் போனில் டார்ச்சை எரியவிட்டு, வீடியோவை ஓடவிட்டு, பானட்டுக்குள் இறுக்கிக் கட்டினாள். பரவை தாண்டி மிதித்தாள். நாலாயிரத்தில் அவள் காலுக்கும் கார் அமுங்கியது.

ஓரங்கட்டி இருவரும் வீடியோவைப் பார்த்தார்கள். இஞ்சினுக்குள் காற்றைத் தள்ளும் டர்போவுக்குக் காற்று போகும் நீல ரப்பர் குழாய், மிதிக்க மிதிக்க உள்ளிழுபட்டுச் சப்பையாக ஒட்டிக்கொண்டது. காலை எடுத்ததும் பழையபடி உருளையாக விரிந்துகொண்டது. சூட்டில் இளகுகிற ரப்பர். நின்ற வண்டியில் பார்த்தால் எப்படித் தெரியும்?

பழைய கெட்டிக் குழாய் நன்றாக இருந்தும், பார்க்க அழகென்று இரண்டு மாதம் முன்பு இதை மாட்டியவள் அவள்தான்.

"சார், தப்பு என் மேலதான். உங்களப் போயி..." என்று இழுத்தாள்.

ஸ்டீவ் வீடியோவை மறுபடி ஓடவிட்டார். "அப்ப என் கால்ல ஒண்ணும் இல்லையாக்கா?"

"ஒண்ணுமில்ல சார்."

கடைக்குத் திரும்பிப் பழைய குழாயை மாட்டி, சாவியை அவரிடம் கொடுத்தாள். வெயில் தாழும் முன்பே அவனியாபுரம் பக்கம் வண்டி ஆறாயிரம் வரை தங்குதடையில்லாமல் ஏறியபோது ஸ்டீவ் பாதையைப் பார்த்தபடியே வாய்விட்டுச் சிரித்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளுக்கும் சிரிப்பு வந்தது, கொஞ்சம் வெட்கத்தோடு.