ஸகியா மிஸ்ஸின் கலப்பு வயல்

கொழும்பில் மூன்று நாள் கருத்தரங்கை முடித்துக்கொண்டு வந்து வரம்பில் ஏறிய ஸகியாவுக்கு நெஞ்சு பக்கென்றது. வயல் அழகாக இருந்தது. அந்த அழகுதான் பிழை.

தன்னாமுனைக்கு அப்பால், வாவியோரம், உவர் தாங்கும் பழைய நெல்லொன்றையும் விளைச்சலை அள்ளிக் கொடுக்கும் புதிய நெல்லொன்றையும் இனம் சேர்த்து, அந்தக் கலப்பின் இரண்டாம் தலைமுறையை அங்கே நட்டிருந்தாள். அறுநூற்று நாற்பது பயிர், ஒவ்வொன்றுக்கும் இலக்க அட்டை. நெட்டை, குட்டை, முந்திப் பூப்பது, பிந்திப் பூப்பது என்று ஒன்றைப்போல் ஒன்று இராது. உவர் தாங்கும் குணம் எதனோடு சேர்ந்து வருகிறது என்பதை அந்த வேறுபாட்டில்தான் பார்க்க வேண்டும். மூன்று வருட வேலை. பேராசிரியர் பதவிக்கான விண்ணப்பமும் அதைத்தான் நம்பியிருந்தது.

இப்போது எல்லாம் ஒரே அச்சில் வார்த்த மாதிரி நின்றன. பாதிக்கு மேல் காணவில்லை.

வயலைப் பார்த்துக்கொள்ளும் நல்லரத்தினம் பூரிப்போடு வந்தார். "கலப்படத்தையெல்லாம் புடுங்கிற்றன் மிஸ். நானும் பொஞ்சாதியும் ரெண்டு நாளா. குனிஞ்ச இடுப்பு இன்னும் நிமிரல்ல." ஒரு ஷொப்பிங் பேக்கை நீட்டினார். உள்ளே இலக்க அட்டைகள், சேறு போகக் கழுவி, றப்பர் பட்டி போட்டு. "மறுகா, அடுத்த போகத்துக்குப் பாவிக்கலாம்."

"ஆரு உங்களப் புடுங்கச் சொன்ன?"

அவர் முகம் சுருங்கியது. "இந்த வயல் வட்டைக்குள்ள போறவன் வாறவனெல்லாம் சிரிக்கிறான் மிஸ். கெம்பஸ்ல படிப்பிக்கிறவவுக்குச் சுத்தமா வெள்ளாமை செய்யத் தெரியல்லயாம். நட்ட நாள் தொட்டுக் கேட்டுக்கிட்டுத்தான் இரிந்தன். ஏலாமப் போயிற்று."

வருடா வருடம் எழுபது பிள்ளைகளுக்குப் பரம்பரைக் குணம் பற்றிய இதே பாடத்தைப் பலகை நிறைய எழுதிக் காட்டுகிறவள் அவள். மூன்று வருடமாகக் கூடவே நிற்கும் இந்த மனிதருக்கு, தண்ணீர் கட்டுங்கள், உரம் போடாதீர்கள் என்பதற்கு மேல் ஒரு வார்த்தை சொன்னதில்லை. வந்த கோபம் போன இடம் தெரியவில்லை. வெட்கமாக இருந்தது.

வரம்பில் அமர்ந்து, அட்டைகளை மடியில் கொட்டி, தாய் நெல் தகப்பன் நெல்லிலிருந்து தொடங்கினாள். ஒரே வயிற்றுப் பிள்ளைகள் ஒன்று கறுப்பும் ஒன்று சிவப்புமாகப் பிறப்பதை அவரே எடுத்துக் கொடுத்தார். விளங்க விளங்க அவர் குரல் இறங்கியது.

"அப்ப நான் புடுங்கி எறிஞ்சதுதான் உங்கட மூணு வருச வேலையா மிஸ்?"

இல்லையென்று சொல்ல நா துடித்தது. இவ்வளவும் விளங்கிய மனிதரிடம் பொய் சொல்ல மனம் வரவில்லை.

"ஓம் அண்ணன். சொல்லாம விட்டது என்ட பிழை. பாதி விதை எடுத்து வெச்சிரிக்கன், திரும்ப நடுவம்."

பதவி ஒரு வருடம் பிந்தும். பிந்தட்டும், ஓடியா போய்விடும்? அவர் தலைத்துண்டால் முகத்தைத் துடைத்தார்.

வரம்பால் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்த ஒருவர் நின்றார். "என்ன நல்லரத்தினம், மிஸ்ஸுட வயல் இப்பதான் வெள்ளாமை மாதிரி இரிக்கி."

"இல்ல," என்றார் நல்லரத்தினம். "போன கிழமைதான் நல்லா இரிந்த. நான்தான் பழுதாக்கிப் போட்டன்."

அதுவரை அழாமலிருந்த ஸகியா அப்போதுதான் அழுதாள்.