ஏழாவது விளக்கு

அந்தப் பச்சை விளக்கு அணைந்ததை நான் பார்த்தேனா, பார்த்ததாக நம்ப ஆசைப்பட்டேனா என்று இப்போது நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. இமைப்பதற்குள் முடிந்துபோன ஒன்றை மனசு எத்தனை காலம் பத்திரமாக வைத்திருக்கும்?

என் மனைவியின் தம்பி ரோபோவுக்குத் தகடு வைக்கும் வேலையில் இருந்தான். எதிலும் நிதானம் என்பதால் ஆலையில் அவனுக்கு எக்ஸ்பிரஸ் என்று பேர். ரோபோ நிற்கும் கம்பிக்கூண்டுக்குள் போய்த் தகட்டை மேசையில் வைத்துவிட்டு வெளியே வந்து கதவைச் சாத்துவான். ரோபோ கை அதைக் கவ்விக்கொண்டு போகும். தகடு பிடியில் இருக்கும்வரை அங்குள்ள சென்சார் கட்டுப்பாட்டுப் பெட்டிக்கு சிக்னல் அனுப்பும். பெட்டிக்குள் அந்த சிக்னலை வாங்கும் இன்புட் கார்டில் ஏழாவது விளக்கு பச்சையாக எரியும். கொஞ்ச நாளாகக் கை பாதி வழியில் நின்றுபோனது. 'பிடி சிக்னல் இல்லை' என்றது திரை. தகட்டைக் கோணலாக வைத்தாலும் அதேதான் வரும். கேபிளுக்குள் ஒயர் விட்டுப்போயிருந்தாலும் அதேதான்.

"எக்ஸ்பிரஸுக்கு டீ ஞாபகம் வந்தா ரோபோவுக்குக் கை வலிக்குதுப்பா" என்று கூட வேலை பார்ப்பவர்கள் சிரித்தார்கள். மேலாளர் சிரிக்கவில்லை. "குறையைக் கண்டுபிடிங்க. இல்லன்னா ஆளை மாத்திடுறேன்" என்றார் என்னிடம். மின் பராமரிப்பு என் பொறுப்பு.

கதவைத் திறந்து உள்ளே போனால், பாதுகாப்புக்காகக் கை ஆமைபோலத்தான் நகரும். ஆமை வேகத்தில் குறை எட்டிப் பார்ப்பதே இல்லை. முழு வேகத்தில்தான் வந்தது. அப்போது உள்ளே யாரும் நிற்க முடியாது. கார்டை மாற்றினேன். இணைப்புகளைக் கழற்றித் துடைத்து மாட்டினேன். கேபிளை உலுக்கினேன். விளக்கு சாதுவாக எரிந்தது.

"டாக்டரைப் பாத்ததும் காய்ச்சல் விட்டுருது மாமா" என்றான் அவன். சிரிக்கத்தான் முயன்றான்.

ஒரு மத்தியானம் பெட்டியைத் திறந்துவைத்துக்கொண்டு வெளியிலிருந்தே பார்த்தேன். அவன் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். ரோபோ கை முழுசாக நீண்டு திரும்பும்போது ஏழாவது விளக்கு ஒரு துடிப்பு அணைந்து எரிந்தது. ரோபோ நின்றது. பிடியில் தகடு நேராகவே இருந்தது.

"பாத்தீங்கள்ல மாமா?"

"பாத்தேன்டா."

மற்றவர்கள் வந்து எட்டிப் பார்த்தபோது விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

மேலாளர் பொறுமையாகவே கேட்டார். "வேற யாரு பாத்தாங்க?"

"இவனும்தான் சார்."

"நீங்க இவரோட அக்கா வீட்டுக்காரர்தானே?"

ஆமாம் என்றேன்.

புதுக் கேபிள் வந்த காலையில்தான் அவனையும் வேலையிலிருந்து நிறுத்தினார்கள். "ஒண்ணை மட்டும் மாத்துங்க சார். ரெண்டையும் சேர்த்து மாத்துனா எதுல குறைன்னு கடைசிவரை தெரியாது" என்று கெஞ்சினேன். "எனக்குத் தெரிய வேண்டாம். மெஷின் ஓடணும்" என்றார் அவர். ஓடியது. அதற்குப் பிறகு ஒருதரம்கூட நிற்கவில்லை. "பாத்தியா, ஆளை மாத்துனதும் சரியாயிடுச்சு?" என்று யாரும் என்னிடம் கேட்கவில்லை, கேட்டிருந்தால்கூடத் தேவலை.

பழைய கேபிளை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். இரு முனைகளிலும் மீட்டரை மாட்டினேன். ஒயர் முழுசாக இருக்கும்வரை மீட்டர் கீச்சிடும், உள்ளே எங்காவது விட்டிருந்தால் சத்தம் அறுபடும். மனைவி தரையில் உட்கார்ந்து அங்குலம் அங்குலமாக வளைத்தாள். மீட்டர் விடாமல் கீச்சிட்டது. அடுத்த அறையில் அவன் படுத்திருந்தான். தூங்கவில்லை என்று எங்களுக்குத் தெரியும்.

"இன்னும் வளைக்கட்டுமா?" என்றாள்.

"வளை."

சத்தம் அறுபடவேயில்லை. அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையில் ஒரு கேள்வி இருந்தது. அது தம்பியைப் பற்றியதா என்னைப் பற்றியதா என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

மேலாளர் பெரிய பதவிக்குப் போனார். ரோபோவைக் கழற்றி விற்றுவிட்டார்கள். நான் ஓய்வு பெற்றேன். மைத்துனன் வேன் ஓட்டுகிறான். வருவான், சாப்பிடுவான், அதைப் பற்றிப் பேச மாட்டான். கேபிளை மனைவி பால்கனியில் கொடியாகக் கட்டியிருக்கிறாள். ஈரத்துணியின் பாரத்தில் அது நடுவில் தொய்ந்து, காற்றில் வளைந்து நிமிர்கிறது.