முதலில் சிவப்பு

இசக்கியப்பன் குடியிருந்த வீட்டில் எதுவும் முதலில் ஒரு சோதனையில் தோற்றாக வேண்டும். தோற்ற பிறகுதான் அதை உண்டாக்கலாம். சாவி கொடுக்கும்போதே சொல்லியிருந்தார்கள்.

சோதிப்பதற்குப் பெருந்தேவி என்ற அம்மாள் சமையலறையில் உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு விளக்கு. தோற்றால் சிவப்பு, தேறினால் பச்சை. அவள் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை.

அம்பாசமுத்திரத்திலிருந்து கணினி நிரல் எழுதும் வேலைக்கு வந்த நாள்முதல் இசக்கியப்பனை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பயிற்சிக்காகச் சின்னதாக ஏதாவது எழுதிப் பார்க்கச் சொன்னது அலுவலகம். வணக்கம் சொல்லும் நிரல் எழுதலாம் என்று கணினியைத் திறந்தான்.

"மொதல்ல டெஸ்ட் எழுதுங்க தம்பி," என்றாள் பெருந்தேவி.

"புரோகிராமே இன்னும் இல்லியே மேடம்."

"அதான். இல்லன்னு தெரியணும்ல."

'இசக்கி என்று கொடுத்தால், வணக்கம் இசக்கி என்று வர வேண்டும்' என்று எழுதினான். விளக்கு சிவந்தது. சுவர்களும் சிவந்தன. இல்லை என்பது நன்றாகத் தெரிந்தது.

"இப்ப தேறுற அளவுக்கு மட்டும் எழுதுங்க. ஒரு சொல்லு கூடக் கூடாது."

எதைக் கொடுத்தாலும் 'வணக்கம் இசக்கி' என்று சொல்லும்படி ஒரே வரி எழுதினான். பச்சை. வாசலில் இஸ்திரி போட்ட சட்டையோடு ஒருவர் நின்றார்.

"வணக்கம் இசக்கி," என்றார்.

இசக்கியப்பன் எழுந்து வாசலுக்கு ஓடினான். உள்ளே கூட்டிவந்து உட்காரவைத்தான்.

"டீ குடிக்கியளா?"

"வணக்கம் இசக்கி."

"எந்த ஊரு உங்களுக்கு?"

"வணக்கம் இசக்கி."

"நீங்க எழுதினது அவ்ளோதானே," என்றாள் பெருந்தேவி. "வேற பேரு குடுத்துப் பாருங்க."

பாக்கியம் என்று கொடுத்து அடுத்த சோதனை எழுதினான். சிவப்பு. வந்தவரின் வாய் பாதி திறந்தபடி நின்றுவிட்டது. பார்க்கச் சகிக்காமல், எந்தப் பெயர் கொடுத்தாலும் அந்தப் பெயருக்கு வணக்கம் சொல்லும்படி வரியை மாற்றினான். பச்சை.

அவர் எழுந்து தெருவுக்குப் போனார். பூக்காரிக்கு, ஆட்டோக்காரருக்கு, எதிர்வீட்டுக் குழந்தைக்கு, ஒவ்வொருவருக்கும் பெயர் சொல்லி வணக்கம் வைத்தார். இசக்கிக்குச் சொன்ன அதே கனிவு. இசக்கியப்பன் ஜன்னலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான்.

பிறகு மூன்றாவது சோதனை எழுதினான். 'பெயரே கொடுக்காவிட்டால், பக்கத்தில் வந்து உட்கார வேண்டும்.'

"வணக்கம் சொல்ற புரோகிராம் எங்கயாவது உக்காருமா?"

"தோத்துட்டுப் போட்டும் மேடம்."

வெகுநேரம் சிவப்பாகவே இருந்தது. எழுதினான், அழித்தான், எழுதினான். ஒருவழியாகப் பச்சை வந்தது. அவர் படியேறி வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். தோளோடு தோள் பட்டது. இந்த ஊருக்கு வந்தபின் இவ்வளவு நிம்மதியாக அவன் இருந்ததில்லை.

"இனி சுத்தம் பண்ணணும்," என்றாள் பெருந்தேவி. "தேவையில்லாதத எடுத்துருங்க. பச்சை மட்டும் மாறக் கூடாது."

இரண்டு முறை வந்த வரி ஒன்றை எடுத்தான். பச்சை. காலண்டரை எடுத்தான். பச்சை. கட்டில், மின்விசிறி, செருப்பு, ஜன்னல். எல்லாவற்றுக்கும் பச்சை.

"இன்னும் ஒண்ணு மிச்சம் இருக்கு," என்று அவனைப் பார்த்தாள்.

"அவரு பக்கத்துல உக்காரணும்னா நான் வேணும்லா?"

"பக்கத்துலன்னுதான் எழுதியிருக்கீங்க. யார் பக்கத்துலன்னு எழுதலியே தம்பி."

இசக்கியப்பன் தான் எழுதியதைத் திரும்பப் படித்தான். அவள் சொன்னது சரி. எழுந்து வெளியே போய் நின்று பார்த்தான்.

அவர் நகர்ந்து பெருந்தேவியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். விளக்கு பச்சையாகவே எரிந்தது.

"இப்பதான் சுத்தமா இருக்கு," என்றாள் அவள்.

அவன் வெறுங்காலோடு படியிறங்கினான்.