அமைச்சரைத் திட்ட ஓர் ஆள்

ஒட்டுக்கேட்பு என்ற சொல்லை அந்த அலுவலகத்தில் யாரும் வாய்தவறிக்கூடச் சொல்ல மாட்டார்கள். வாசலில் 'பொதுமக்கள் கருத்தறியும் பிரிவு' என்று போர்டு தொங்கும். உள்ளே ஆளுக்கொரு மேசை, ஆளுக்கொரு ஹெட்போன். ஜன்னலோர மேசைக்காரிக்குப் 'பாம்புச்செவி' என்று பட்டப்பெயர். எவ்வளவு முணுமுணுத்தாலும் சொல்லைப் பிடித்துவிடுவாள். வீட்டில் மட்டும் டெலிபோன் பில் போடுகிற வேலை என்று சொல்லிவைத்திருந்தாள்.

மக்கள் தன்னைப் பற்றிப் போனில் என்ன பேசுகிறார்கள் என்று அறிய அமைச்சருக்கு ஆசை வந்தது. பாம்புச்செவி ஒரு மாதம் கேட்டாள். கேட்டுவிட்டு ஒரே வரியில் அறிக்கை கொடுத்தாள்: 'அமைச்சரைப் பற்றி யாரும் பேசவில்லை.'

அதிகாரிக்கு வியர்த்துக் கொட்டியது. "இதை எப்படிம்மா மேல அனுப்புறது?"

"நெசமாவே பேசல சார். பால் வரலைங்கறாங்க, மருமக மதிக்கலைங்கறாங்க. அரசியல் பேச்சு வந்தா, 'விடு, எல்லாம் ஒரே ஆளுங்கதான்'னு அடுத்த கதைக்குப் போயிடறாங்க."

"பாராட்டி நாலு வரி சேர்த்துடேன்."

"சேர்க்கலாம் சார். அவரு நம்பணுமே."

அதிகாரி நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். அமைச்சர் அவ்வளவு ஏமாளி இல்லை. "அப்ப திட்டி எழுது. அவரைத் திட்ட ஆளே இல்லைன்னா நமக்கு இங்க என்ன வேலைன்னு கேட்பாங்க."

அவளுக்கோ திட்டவே வராது. ஆனால் அதற்கென்றே வீட்டில் ஒருவர் இருந்தார். அவள் கணவர் கடைத்தெருவில் ஃபேன் ரிப்பேர்க் கடை வைத்திருந்தார். டிவியில் அமைச்சர் முகம் தெரிந்தால் போதும், கையில் இருக்கும் தட்டைக்கூடக் கீழே வைக்காமல் ஆரம்பித்துவிடுவார். "காயில் கருகின ஃபேனு. சத்தம் தெருவுக்கே கேக்குது, காத்து மட்டும் வரல. சரி கழட்டலாம்னு போனா, கூரையே எங்கப்பன் வீட்டுதுங்குது."

இதை அப்படியே எழுதி, 'பெயர் தெரியாத ஒருவர், தொலைபேசியில்' என்று அனுப்பிவைத்தாள்.

அமைச்சர் படித்தார். முகம் சுருங்கியது. மறுபடி படித்தார், சிரித்துவிட்டார். அந்த ஆளைக் கண்டுபிடிக்கச் சொல்லி உத்தரவு வந்தது. தொழில் தெரிந்தவன்தான் இப்படிப் பேச முடியும் என்று அமைச்சரே துப்பறிந்து சொன்னாராம். நகரத்து ஃபேன் ரிப்பேர்க் கடைகளின் எண்கள் அத்தனையும் வந்து சேர்ந்தன. பாம்புச்செவியின் பங்கில் கணவர் கடை எண்ணும் இருந்தது. 

பகல் முழுக்க அவர் குரலைக் கேட்டாள். "கெபாசிட்டர் போயிருக்குங்க." "ரெடியாயிடுச்சு, வந்து எடுத்துக்குங்க." வாடிக்கையாளர் ஒருவர் கரண்ட் கட்டணம் ஏறியதைச் சொல்லி அரசாங்கத்தை இழுத்தபோது, கணவர் குரலைத் தாழ்த்தினார். "போன்ல அதெல்லாம் வேணாங்க. எவளாவது வேலைவெட்டி இல்லாதவ கேட்டுக்கிட்டு இருப்பா."

அவள் ஹெட்போனைக் கழற்றி வைத்தாள்.

அதற்குள் பக்கத்து மேசைக்காரன் வேறொரு ஃபேன் கடைக் கிழவரைப் பிடித்துக் கொடுத்திருந்தான். "இன்னைக்கோ நாளைக்கோ வெடிச்சிடும், பக்கத்துல போகாதீங்க" என்று அவர் ஒரு பழைய மோட்டாரைப் பற்றிச் சொன்னதுதான் குற்றம். நடைபாதை பெஞ்சில், கையில் ஸ்பேனரோடு, எதற்கு வந்தோம் என்று தெரியாமல் அவர் உட்கார்ந்திருந்ததைப் பார்த்ததும் அவளுக்கு மனசு கேட்கவில்லை. நேரே அதிகாரியிடம் போய் உண்மையைப் போட்டு உடைத்தாள்.

மறுநாள் கணவரைக் கூட்டிவந்து, இன்னும் விடாமல் வைத்திருந்த கிழவர் பக்கத்தில் உட்காரவைத்தார்கள். பிறகு அமைச்சர் அறைக்குள் அழைத்தார்கள். அவள் கதவோரம் நின்றாள். அவளைப் பார்த்துக் குழம்பியவரிடம் அமைச்சர் கேட்டார். "நீங்கதானா அது?"

"எதுங்க?"

அமைச்சர் மனப்பாடமாகவே ஒப்பித்தார். கருகின ஃபேன், காற்று, கூரை, ஒன்றும் விடவில்லை. கணவர் மெல்லத் திரும்பி மனைவியைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தாள்.

"எங்க வீட்டுக்குள்ள பேசினது உங்களுக்கு எப்படிங்க தெரியும்?"

"மக்களோட எப்பவும் தொடர்புல இருக்கோம்ல. அது கிடக்கட்டும். தேர்தல் வருது. எங்க ஆளுங்க ஒருத்தனுக்கும் நறுக்குன்னு திட்ட வரல. எதிர்க்கட்சித் தலைவரைத் திட்டி இதே மாதிரி எழுதிக் குடுங்க."

கணவர் கொஞ்சம் யோசித்தார். "புதுசா எதுக்குங்க? இதையே வச்சுக்குங்க. பேரை மட்டும் மாத்துங்க, அப்படியே பொருந்தும். வெளியில உக்காந்திருக்காரே பெரியவர், அவரை வீட்டுக்கு அனுப்பிடுங்க, போதும்."

அமைச்சர் மகிழ்ந்துபோய் இரண்டுக்கும் சம்மதித்தார்.

பொதுக்கூட்டத்துக்கு இருவருக்கும் அழைப்பு வந்தது. தட்ட முடியாமல் போனார்கள். எதிர்க்கட்சித் தலைவர்மேல் அமைச்சர் கருகின ஃபேன் வசனத்தை எடுத்துவிட்டதும் மைதானமே குலுங்கியது. தோளில் குழந்தையை வைத்திருந்த ஒருவர் பக்கத்து ஆளிடம் சொன்னார். "பரவாயில்லையே, தன்னைப் பத்தி இவ்வளவு தெளிவா புரிஞ்சு வச்சிருக்காரு." சுற்றிலும் இருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மேடையில் இருந்தவர் அந்தச் சிரிப்புக்கும் சேர்த்துக் கையசைத்தார்.

அமைச்சர் அறைக்குப் போய்வந்ததிலிருந்தே கணவருக்குள் ஒரு கேள்வி இருந்தது. பஸ் நிறுத்தத்தில்தான் கேட்டார். "எல்லார் பேச்சையும் கேப்பியா?"

"வர்றதைக் கேப்பேன்."

"வெக்கமா இல்ல?"

"இருக்கு."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார்.  அப்புறம் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, குரலை இறக்கி, "என் தம்பி அவன் பொண்டாட்டிகிட்ட என்னைப் பத்தி என்ன பேசுறான்?" என்றார்.

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "பஸ் வருது, ஏறுங்க."

பஸ்ஸுக்குள்ளும் கேட்டார். மறுநாள் காலையில் பல் தேய்த்துக்கொண்டே கேட்டார். "முழுசா வேணாம், நல்லவிதமா பேசுறானா இல்லையான்னு மட்டும் சொல்லு" என்று கடையிலிருந்து போன் பண்ணிக் கேட்டார். அந்த வாரமே அவள் மாறுதலுக்கு எழுதிக்கொடுத்துவிட்டாள்.

இப்போது தண்ணீர் வரிப் பிரிவில் இருக்கிறாள். அங்கே யார் பேச்சையும் ஒட்டுக்கேட்க வேண்டியதில்லை. எல்லோரும் நேரிலேயே வந்து கத்திவிட்டுப் போகிறார்கள்.