பூட்டாத போர்டு

கையிலிருந்த அட்டைப்பெட்டியை அவள் மேசைமேல் போட்ட வேகத்தில் கடைக்காரரின் டீ தளும்பிக் கீழே வழிந்தது.

"நேத்து நான் என்ன கேட்டேன், நீங்க என்ன தலையில கட்டியிருக்கீங்க?"

"மேடம், நல்ல மதர்போர்டு. சுத்தி லைட்டு எரியும்..."

"லைட்டை வெச்சு என்ன கல்யாணமா பண்ணப் போறோம்? ஓவர்கிளாக் பண்ணணும்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனா இல்லையா? இது சிப்போட வேகத்தைத் தொடவே விடாதாம்."

கண்டுபிடித்தது அப்பா. நாற்பது வருடம் பட்டறையில் லேத் ஓட்டியவர். ஓய்வுபெற்ற கையோடு கம்ப்யூட்டர் பித்து பிடித்துக்கொண்டது. அதிலும் சிப்பைச் செய்தவன் குறித்த வேகத்துக்கு மேல் விரட்டிப் பார்க்கும் பித்து. "மேஸ்திரி வெச்ச வேகத்துலயே ஆயுசு பூரா ஓட்டியாச்சும்மா. இதையாவது என் இஷ்டத்துக்கு ஓட்டுறேன்" என்பார். போன வாரம் அப்படி விரட்டியதில் மதர்போர்டு கருகிப்போனது. அதே வாரம் டாக்டரும் கையை விரித்துவிட்டார், வீட்டுக்கே கூட்டிப் போங்கள் என்று. மனுஷனுக்கு இரண்டாவது செய்தி காதிலேயே ஏறவில்லை. சிப் பிழைத்துவிட்டது, அது ஐந்தரை கிகாஹெர்ட்ஸைத் தொடுவதை ஒரே ஒருமுறை பார்த்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

நேற்று அவள் வாங்கிவந்த பெட்டியை இன்று காலை கண்ணாடி போட்டுக்கொண்டு எழுத்தெழுத்தாகப் படித்தார். "இது பூட்டின போர்டும்மா" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

"போற நேரத்துல உங்களுக்கு இது ஒண்ணுதான் குறைச்சல்!"

கத்தியது அவள்தான். கத்திய வாயை அங்கேயே தைத்திருக்கலாம். அந்த ஆத்திரமெல்லாம் இப்போது கடைக்காரரின் தலையில் விடிந்துகொண்டிருந்தது.

"சீல் உடைச்சாச்சே மேடம். உடைச்சதைக் கம்பெனிக்காரன் எப்படி..."

போன் அடித்தது. தம்பி. தெருச் சத்தத்தில் கேட்காது என்று ஸ்பீக்கரில் போட்டாள்.

"அக்கா, அப்பா போயிட்டாருக்கா. இப்பத்தான். தண்ணி கேட்டாரு, கொண்டு வர்றதுக்குள்ள... நீ எங்க இருக்க?"

அவள் அழைப்பைத் துண்டித்துப் போனை மேசைமேல் கவிழ்த்து வைத்தாள். கடைக்காரர் எழுந்து நின்றுவிட்டார்.

"அக்கா, நீங்க முதல்ல வீட்டுக்குக் கிளம்புங்க. இதை எப்ப வேணாலும் மாத்தித் தரேன். சத்தியமா."

"இப்ப வருதா இந்த நல்ல புத்தி? நேத்தே வந்திருந்தா நான் இந்நேரம் அவர் பக்கத்துல உக்காந்திருப்பேன்யா!"

அவர் பின்னாலிருந்து வேறொரு பெட்டியை எடுத்து வைத்தார்.

"இதுல வேகத்தை ஏத்த விடுமா?"

"விடும்கா."

"அவரோட சிப் இதுல உக்காருமா?"

"உக்காரும்."

"திறங்க."

திறந்தார். பழைய போர்டு எந்த இடத்தில் கருகியது, ஏன் கருகியது என்று அப்பா அவளுக்கு விரல் வைத்துக் காட்டியிருந்தார். சிப்புக்குக் கரண்ட் போகும் அந்த இடத்தைத் தேடித் தொட்டுப் பார்த்தாள். சூடு தாங்க அங்கே கனமான அலுமினியம் இருக்க வேண்டும்.

"இது வெறும் தகடு. நாலு நாள் விரட்டினா கருகிடும்."

"அக்கா, இனிமே யாரு அதை..."

கவிழ்த்து வைத்த போன் மேசைமேல் மறுபடி அதிர்ந்தது. அவள் அதைத் திரும்பியும் பார்க்காமல் அலமாரியைக் காட்டினாள்.

"மேல் தட்டுல இருக்கே, அதை இறக்குங்க."